ஆடாத கை

புதன், இரவு

காலையில் எழுந்ததும் பென்சில்களைச் சீவினேன். கணவர் கிரிவலம் நடக்கக் கிளம்பினார். நான் ஸ்கூட்டியில் முன்னால் போய் அடி அண்ணாமலையில் உட்கார்ந்தேன். நடக்கிறவர்களை வரைவதுதான் ஓவிய வகுப்பில் இந்த வாரப் பயிற்சி. எல்லாரும் மலையை வலப்பக்கம் வைத்தே நடப்பதால், டீக்கடைப் பக்கமிருந்து எனக்கு இடப்பக்கம் மட்டுமே தெரியும். இன்று மலைப்பக்கம் மாறி உட்கார்ந்தேன். அவர் என்னைக் கடந்து போவதற்குள் அவரையே மூன்று படங்கள் வரைந்தேன்.

வகுப்பில் சொல்லித்தரும் பெண் மூன்றையும் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, இடது கால் முன்னாடி வந்தா வலது கையும் கூட வரணும்ல? மூணுலயும் கை அப்படியே தொங்குது. பால் தூக்கு ஏதாவது எடுத்துட்டுப் போறாரா?"

நானும் சிரித்தேன். கையை அழித்துச் சரியாக வரைந்தேன். வரைந்தபின் அது அவராக இல்லை.

சாயங்காலம் அவரை மாடியில் நடக்கச் சொன்னேன்.

"இன்னாடி, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி நடந்து காட்டுன்ற?"

நடந்தார். இடது கை வீசியது. வலது கை உடம்போடு ஒட்டியே வந்தது.

கொஞ்ச நாளாக அவருக்குச் சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. கையெழுத்தும் சிறுத்துவிட்டது. வயசு என்று நினைத்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கீழே வந்து தோசை வார்த்தேன். அவர் நான்கு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை வேலூரில் நரம்பு டாக்டரிடம் அவரை அழைத்துப் போகப் போகிறேன். என் முழங்காலுக்கு என்று அவரிடம் சொல்வேன். அந்த மூன்று படங்களையும் எடுத்துப் போவேன். அழித்த கையை முதலில் இருந்தபடியே வரைந்துவிட்டு.