தலைப்பாகையைக் கழற்றிய மதியம்

நண்பனே,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "மேஷ்ட்ரே, என் காலி மனையை வித்துடலாம்னு இருக்கேன். என்ன விலை கேட்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். வாத்தியார் சரியாகச் சொல்வார் என்ற நம்பிக்கை அவருக்கு. அந்த மனைமேல் எனக்கும் ஒரு கண் உண்டு. பதில் சொல்ல வாய் திறந்தபோது உன் சரிகைத் தலைப்பாகை நினைவில் வந்து நின்றது.

மண்டி மொஹல்லாப் பேட்டையில் உன் கடைக்கு வருகிறவர்களுக்கு உன் வழக்கம் தெரியும். தலைப்பாகையோடு இருந்தால் நீ தரகன். அவர்களுடைய பங்குகளுக்கு நல்ல விலை தேடித் தந்து, தரகு மட்டும் வாங்கிக்கொள்வாய். கழற்றி வைத்தால் சொந்தக் காசில் வாங்கும் வியாபாரி. விலை குறைந்தால்தான் உனக்கு லாபம். "கல்யாணத் தரகரே மாப்பிள்ளையா உட்கார்ந்தா பெண் வீட்டார் யார்கிட்ட விசாரிப்பாங்க?" என்று கேலி செய்வேன். "அதுக்குத்தான் மேஷ்ட்ரே வெறுந்தலையைக் காட்டிடறேன்" என்பாய்.

ஒரு மதியம் என் விதவைத் தங்கை எஸ்தர், கணவன் விட்டுப்போன நூல் ஆலைப் பங்குகளோடு உன் முன்னால் உட்கார்ந்தாள்; நானும் கூட இருந்தேன். மகளை அறுவைச் சிகிச்சைக்கு அன்று மாலை ரயிலில் மதராஸுக்கு அழைத்துப் போக வேண்டும். ஆலையை மூடப்போவதாக ஊரெல்லாம் பேச்சு, வாங்க ஆளில்லை. நீ தலைப்பாகையைக் கழற்றினாய்.

"நானே எடுத்துக்கறேம்மா. ஆனா பாதி விலைதான்."

அவள் பேனாவை எடுத்தபோது பெங்களூரிலிருந்து உனக்குத் தந்தி வந்தது. படித்ததும் உன் முகம் மாறிவிட்டது. உன் கடையே அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. எஸ்தர் கையெழுத்துப் போடத் தொடங்கிவிட்டாள். நீ தந்தியை மடித்தாய். மறுபடி விரித்தாய்.

"ஸ்வல்ப இரும்மா, பேனாவைக் கீழ வை." தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாய். "ஆலையை வேற முதலாளி வாங்கிட்டாராம். பெங்களூர்ல முழு விலைக்கு ஆள் இருக்கு. அங்கதானே ரயில் மாறணும்? இறங்கி, பத்திரத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கோ. எனக்குத் தரகு போதும்."

"அப்ப உங்க லாபம், அண்ணா?"

"அது வெறுந்தலைக்காரனோடது. அவன் இப்பத்தான் எழுந்து போனான்."

குழந்தை பிழைத்தாள். உன் கடை அந்த வருஷத் தசராவைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம், "அந்த மனை எனக்கும் வேணும். விலையை வேற யார்கிட்டயாவது கேட்டுட்டு வாங்க" என்றேன். அவர் திகைத்துப் போனார். கதவைச் சாத்தும்போதுதான் கவனித்தேன், என் கை என் வழுக்கைத் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.