பதினான்கு தேயிலைச் செடிகளும் ஓர் இரும்பு வேலியும்

அனுப்புபவர்:
திருமதி ப. பேச்சியம்மா (வயது 62),
ஓய்வுபெற்ற கொழுந்து பறிக்கும் தொழிலாளி,
வீட்டு இலக்கம் 19, புதிய வீடமைப்புத் திட்டம்,
ஆர்ட்மியர் தோட்டம், கீழ்ப்பிரிவு,
பூண்டுலோயா.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: எனது வீட்டைச் சுற்றி இடப்பட்டுள்ள அலங்கார இரும்பு வேலியை 17.06.2024க்கு முன் அகற்றுமாறு தோட்ட நிர்வாகம் விடுத்துள்ள கட்டளையை நிறுத்தித் தருமாறு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் 1981 முதல் 2019 வரை முப்பத்தெட்டு வருடங்கள் இத்தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவள். நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதித் தருபவர் அடுத்த வீட்டு ஜொய்சி டீச்சர். மனு ஒரு பக்கத்துக்கு மேல் போனால் கந்தோரில் படிக்கமாட்டார்கள் என்று அவர் முதலிலேயே எச்சரித்தார். தாங்கள் படிப்பீர்கள் என்று நான் அவரிடம் கூறியுள்ளேன்.

2. 2020ஆம் ஆண்டு எனக்கு ஏழு பேர்ச்சஸ் காணியுடன் மேற்படி வீடு வழங்கப்பட்டது. அதற்கு முன் 12ஆம் நம்பர் லயத்தின் அறை வரிசையில் நான்காவது காம்பராவில் குடியிருந்தேன். புதிய வீடு 7ஆம் நம்பர் தேயிலை மலையின் ஓரத்தில் கட்டப்பட்டதால் பதினான்கு தேயிலைச் செடிகள் எனது காணிக்குள் அகப்பட்டுக்கொண்டன. வீட்டைக் கையளித்த உத்தியோகத்தர் அவற்றைப் பிடுங்கிவிட்டு மரக்கறி போடலாம் என்று வாயால் சொன்னார். எழுத்தில் தரவில்லை. நானும் பிடுங்கவில்லை. அவற்றில் இரண்டு மூன்றை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். காணிக்கான உறுதிப் பத்திரம் பின்னர் வரும் என்றார்கள். அது இன்னும் பின்னர் வருவதாகவே இருக்கிறது.

3. இவ்விடத்தில் என் பக்கத்துப் பிழையையும் எழுதிவிடுகிறேன். வேறு எவராவது தங்களிடம் சொல்வதை விட நானே சொல்வது நல்லது. ஓய்வுபெற்ற பின்னரும் எட்டு நாளைக்கு ஒரு தடவை அப்பதினான்கு செடிகளிலும் கொழுந்து பறித்துவந்தேன். பறிக்கும்படி எவரும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் கொழுந்து முற்றிக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. இது பழக்கதோஷம். பறித்ததை 17ஆம் இலக்க வீட்டு ஷாமிலாவிடம் கொடுப்பேன். அவர் இன்றும் தோட்டத்தில் வேலை செய்பவர். தன் சாக்கில் போட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவிடுவார். ஆகவே தோட்டக் கம்பனியின் கொழுந்து கம்பனிக்கே போய்ச் சேர்ந்துள்ளது. அதில் ஒரு இலை கூட என் கேத்தலுக்குள் விழவில்லை. நான் தேயிலைத் தூள் வாங்குவது கடையில்தான்.

4. எனது மகன் துஷாந்த் ஹட்டனில் இரும்பு வேலைத்தளம் ஒன்றில் ஒட்டு வேலை செய்கிறார். முதலாளியின் அனுமதியுடன், வேலை முடிந்த நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எட்டு மாதமாக இவ்வேலியைச் செய்தார். சித்திரை வருடப் பிறப்புக்கு முந்திய ஞாயிறு, 07.04.2024 அன்று, லொறியில் கொண்டுவந்து பூட்டினார். வேலி நான்கு அடி உயரம். கறுப்பு வர்ணம். ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் ஒரு சுருள், உச்சியில் பொன்வர்ணம் பூசிய வேல் முனை. கேட்டில் ஒரு மயில். தோட்ட அலுவலகத்தின் கடிதத்தில் ‘கோழி உருவம் பொறித்த கேட்’ என்று எழுதப்பட்டுள்ளது. அது மயில். தோகையை மடித்துக்கொண்டு நிற்கிறது. என் மகனுக்கு அதுவே முதல் மயில் என்பதையும் கவனத்தில் எடுக்கவும்.

5. வீட்டுக்கு வந்த நாள் முதல் நான்கு வருடமாக இச்செடிகளைத் தேடி ஒருவரும் வரவில்லை. வேலி போட்டு ஏழு கிழமையில் அவை கம்பனியின் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. 27.05.2024 திங்கட்கிழமை காலை, எமது பிரிவின் வெளிக்கள உத்தியோகத்தர், அதாவது கண்டாக்கு, திரு. லியனார்ட் அவர்கள் மேல் ரோட்டில் நின்று வேலியைப் பார்த்திருக்கிறார். வேலியைப் பார்த்தவர் உள்ளே இருந்த செடிகளையும் பார்த்தார். எவரையும் அனுப்பாத இடத்தில் செடிகள் ஒரே மட்டமாகப் பறிக்கப்பட்டிருப்பது அவருக்கு விளங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருடம் பறித்தவளுக்குக் கோணலாகப் பறிக்கத் தெரியாமல் போனதே நான் அகப்பட்டதற்குக் காரணம்.

6. அதன்பின் அவர் என் காணிக்குள் வந்தார். கேட் திறந்துதான் இருந்தது. ஆயினும் அவர் கேட் வழியாக வராமல் மேற்குப் பக்க வேலியில் ஏறி வந்தார். முன்னர் அவ்விடத்தில் மலைக்கு ஏறும் குறுக்கு வழி இருந்தது. இருபத்திரண்டு வருடம் அவ்வழியே நடந்தவர், கால் போன போக்கில் ஏறியிருக்கலாம். நான் அப்போது கொல்லையில் தலைக்கு ஊற்றிவிட்டு ஈரத் துணியுடன் நின்றேன். அவர் என்னைக் கண்டதும் இறங்க முயன்றார். இறங்கும்போது அன்னாருடைய காற்சட்டை பின்புறம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. உடை மாற்றிக்கொண்டு வந்து தைத்துத் தருவதாகக் கூறினேன். மறுத்துவிட்டார்.

7. 03.06.2024ஆம் திகதிய கடிதம் இதன் விளைவு. பிரதி இணைத்துள்ளேன். பதினான்கு நாட்களுக்குள் வேலியை நான் அகற்றாவிட்டால் நிர்வாகம் வெட்டி அகற்றும் என்று அதில் உள்ளது. அதில் கூறப்பட்டுள்ளவற்றுக்கு எனது பதில் வருமாறு:

(அ) கம்பனிக்குச் சொந்தமான பதினேழு தேயிலைச் செடிகளை வேலிக்குள் அடைத்து வைத்துள்ளேன் என்பது. செடிகள் பதினான்கு. மீதி மூன்றில் இரண்டு ரோஜா, ஒன்று கொய்யாக் கன்று. கண்டாக்கு அன்று அவசரமாகப் புறப்பட வேண்டியிருந்ததால் எண்ணிக்கை பிசகியிருக்கலாம்.

(ஆ) வேல் முனைகளால் உத்தியோகத்தருக்குக் காயம் ஏற்பட்டது என்பது. காயம் பட்டதாகக் கூறப்படும் இடத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றி ஒன்றும் எழுத விரும்பவில்லை.

(இ) இதைப் பார்த்து மற்ற வீட்டாரும் வேலி போட ஆசைப்படுவார்கள் என்பது. இது உண்மை. மூன்று வீட்டார் ஏற்கெனவே அளவெடுத்து மகனிடம் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மயிலுக்குப் பதிலாக மாதா சொரூபம் கேட்டுள்ளார்.

8. வேலி எதற்கு என்று கிராம உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். களவு பயமா, பன்றித் தொல்லையா என்றார். இரண்டும் பெரிதாக இல்லை. அவரிடம் சொல்லாததைத் தங்களிடம் சொல்கிறேன்.

1991ஆம் வருடம் ஐப்பசி மழையில் எனக்குக் கடும் காய்ச்சல். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால், உண்மையிலேயே சுகமில்லையா என்று லயத்துக்கு வந்து பார்ப்பது அக்கால நடைமுறை. அன்று வந்தவர் அப்போதைய கண்டாக்கு. அவர் இப்போது உயிருடன் இல்லாததால் பெயர் எழுதவில்லை. காம்பராக் கதவு சாத்தியிருந்தது. அவர் கூப்பிடவும் இல்லை, தட்டவும் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கையில் வைத்திருந்த பிரம்பால் என் கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். நான் பாவாடையோடு நடுங்கிக்கொண்டு கிடந்தேன். என் கணவர் பழனியாண்டி சுவர் ஓரமாகக் கை கட்டி நின்றார். கண்டாக்கு தகாத வார்த்தை எதுவும் பேசவில்லை. “சரி, படு” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு லீவும் தந்தார். நியாயமாக அதையும் எழுதச் சொல்கிறேன்.

அதைப் பற்றி என் கணவர் அன்றும் பேசவில்லை, 2016இல் காலமாகும் வரையிலும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. ஆத்திரமும் இருந்தது என்பதைக் கடந்த மே மாதம் ஈரத் துணியோடு கொல்லையில் நின்றபோதுதான் அறிந்துகொண்டேன். முப்பத்துமூன்று வருடம் பிந்திய முறைப்பாட்டை எந்தக் கந்தோரிலும் ஏற்கமாட்டார்கள் என்று டீச்சர் சொல்கிறார். ஆகவே இதை முறைப்பாட்டில் சேர்க்காமல், வேலிக்கான காரணம் என்ற இடத்தில் சேர்த்துக்கொள்ளவும்.

லயத்தில் இருந்த காலம் முழுவதும் எங்கள் காம்பராவுக்குள் வருவதற்கு எவரும் எங்களைக் கேட்டது கிடையாது. கங்காணி வந்தார், காவற்காரர் வந்தார், மருந்தடிக்க வந்தார்கள், ஓட்டு கேட்க வந்தார்கள். கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. சொந்தமில்லாத வாசலில் யாரை மறிப்பது?

9. கடைசியாக நடந்தது இது. கடிதம் கொடுத்த அதே கிழமை, 06.06.2024 வியாழக்கிழமை, அச்செடிகளைப் பறித்துவரும்படி கங்காணி ஜெயகாந்தனுடன் பன்னிரண்டு பெண்களை நிர்வாகம் அனுப்பியது. பதினான்கு செடிக்குப் பன்னிரண்டு பேர் என்பது நான் வேலை செய்த காலத்தில் இல்லாத ஏற்பாடு. நான் குசினியில் இருந்தேன். கங்காணி ரோட்டில் நின்றபடி, இது கம்பனிக் கொழுந்து, யாரையும் கேட்கத் தேவையில்லை, உள்ளே போங்கள் என்று சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. முன்னால் நின்றவர் ஷாமிலா. உப்புக்கும் மிளகாய்க்கும் ஒரு நாளைக்கு மூன்று தடவை பின்கதவால் என் வீட்டுக்குள் நுழைபவர். என்றைக்கும் கேட்டு நுழைந்ததில்லை. அன்று அவர் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். மற்றப் பதினொரு பேரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

“பெரியம்மா, நாங்க உள்ள வரலாங்களா?” என்று ஷாமிலா கூப்பிட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்குக் கைவேலை ஒன்றும் இருக்கவில்லை. காதும் நன்றாகக் கேட்கும். அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல் இருந்தது. கங்காணி திரும்பவும் சத்தம் போட்டார். ஒருவரும் அசையவில்லை. ஷாமிலா இரண்டாம் தடவை கூப்பிட்டார். அதன்பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்து, வாங்க என்றேன். எல்லோரும் வந்து ஐந்து நிமிடத்தில் பறித்து முடித்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் கங்காணிக்கும் தேநீர் கொடுத்தேன். கங்காணி குடித்தார். இது லஞ்சமாகக் கொள்ளப்படமாட்டாது என நம்புகிறேன்.

10. ‘வேலியால் வேலை தடைப்பட்டது’ என்று அன்று மாலையே அலுவலகத்தில் அறிவிக்கப்பட்டதாகத் தெரிகிறது. தடைப்பட்ட நேரம் ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்கும் நானே பொறுப்பு. ஷாமிலாவுக்கு இதனால் வேலையில் இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்ளுமாறு முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

11. என் மகனிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர்கள் கிரைண்டர் கொண்டுவந்து வெட்டுவதை விட, முதல்நாள் தானே வந்து வேலியைக் கழற்றிக் கொண்டுபோய்விடுவதாகச் சொன்னார். தான் ஒட்டியதை இன்னொருவர் வெட்டுவதைப் பார்க்க முடியாதாம். எட்டு மாதம் வேலை செய்தவர் அப்படியே கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்கு மனம் ஆறவில்லை.

12. ஆகவே ஐயா, நான் விட்டுக்கொடுக்கக் கூடியதைக் கீழே எழுதுகிறேன். பதினான்கு செடிகளும் கம்பனிக்கே இருக்கட்டும். எட்டு நாளைக்கு ஒரு தடவை ஆள் அனுப்பட்டும். ஆள் கிடைக்காத கிழமையில் முன்போல் நானே பறித்து வைக்கிறேன். வேல் முனைகள் ஆபத்து என்றால் உருண்டை வைத்து ஒட்டித் தர மகனைக் கேட்கிறேன். மயிலைக் கோழி என்று எழுத வேண்டுமானால் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். ஆனால் வேலி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். உள்ளே வருபவர் எவராயினும், தோட்டத் துரையாயினும், கேட்டில் நின்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்று தாங்கள் எழுத்தில் உத்தரவிட வேண்டும். உறுதிப் பத்திரம் தங்கள் கந்தோரில் எங்காவது இருந்தால் அதையும் தேடித் தருவித்தால் நிர்வாகத்துக்கு இவ்வளவு கடிதம் எழுதும் சிரமம் இராது.

13. 17ஆம் திகதிக்கு முன் தாங்கள் நேரில் வந்து இடத்தைப் பார்வையிட வேண்டும் என மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பூண்டுலோயா டவுனிலிருந்து கீழ்ப்பிரிவு ரோட்டில் வந்தால் கறுப்பு வேலி போட்ட வீடு ஒன்றுதான் இருக்கிறது. நான் பகல் முழுவதும் வீட்டில் இருப்பேன். கேட் பூட்டியிருக்காது. தள்ளினால் திறந்துவிடும். ஆனாலும் தயவுசெய்து தள்ள வேண்டாம். வெளியே நின்று ஒரு தடவை கூப்பிடவும். நான் வந்து திறக்கிறேன்.

திகதி: 10.06.2024
இடம்: ஆர்ட்மியர் தோட்டம், பூண்டுலோயா

தங்கள் வரவை எதிர்பார்த்து வீட்டில் இருக்கும்,
(ஒப்பம்) ப. பேச்சியம்மா