நடுவில் புடைத்த தூண்

லண்டன், செப்டெம்பர் 2009

அன்புள்ள சித்திர மாஸ்ரருக்கு,

நீர் இருக்கும் அகதி முகாமின் முகவரியை உமது மகள் தந்தாள்.

இன்று லூயிஷாமில் ரயில் பிடித்து மியூசியத்துக்குப் போனேன். ஏதென்ஸ் கோயில் தூணின் துண்டொன்று அங்கே இருக்கிறது. நேராகக் கட்டினால் தூண் தூரத்தில் இடை ஒடுங்கித் தெரியுமாம். அதனால் நடுவைச் சற்றுப் புடைக்க வைத்துக் கட்டினார்களாம். சுற்றிக் காட்டிய பெண் சொன்னாள்.

அன்று நான் கேட்டு, என் சரித்திர வகுப்புக் கரும்பலகையில் அந்தத் தூணை நீர் அப்படித்தான் வரைந்தீர். நான் கோடு நேரா என்று அடிமட்டத்தை வைத்துப் பார்த்து, "உமக்குக் கை நடுங்கினதுக்குக் கிரேக்கர் என்ன செய்வினம்?" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அது அப்பிடித்தான், மாஸ்ரர்" என்று சொல்லிவிட்டுப் போன நீர், அதன்பிறகு என்னோடு பேசவேயில்லை.

அந்தக் கோயில் இரண்டாயிரம் வருடம் நின்றது. ஒரு யுத்தத்தில் உள்ளே வெடிமருந்தை அடுக்கினார்கள். வெளியிலிருந்து குண்டு போட்டார்கள். உள்ளே குடும்பங்களும் இருந்தன. உமக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

யுத்தத்தில் காயப்பட்ட உமது வலக்கை இப்போது நடுங்குகிறது என்று மகள் சொன்னாள். பதில் எழுத வேண்டாம். ஒரேயொரு தூண் வரைந்து அனுப்பும். கோடு எப்படி வந்தாலும் இந்த முறை சரி போடுவேன்.

அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்ட,
உமது பக்கத்து வகுப்பறைக்காரன்