பன்னிரண்டடிக் கூண்டு

தினைக்கு ஒரு வாசனை உண்டு. வெயிலில் காய்ந்த மண்ணும் பழைய சாக்கும் கலந்த மாதிரி இருக்கும். இன்று காலை கடையில் அதை உள்ளங்கையில் கொட்டி, பூச்சி இருக்கிறதா என்று விரலால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்து உருகினார்.

"ஏனுங்கம்மா, ஐயா போயி வருசமாயிருச்சு. ஆனாலும் குருவிகளுக்குத் தீனி நிக்கலீங்க பாருங்க. அவருக்கு வாயில்லாத ஜீவன்னா அத்தன உசுருங்க."

"தினைல கல்லு இருக்குது. வேற மூட்டைல இருந்து போடுங்க" என்றேன்.

போன வாரம் உங்கள் நினைவுத் திருப்பலியிலும் இதே பேச்சுதான். வானத்துப் பறவைகளை நேசித்தவர் என்று சாமியார் பிரசங்கத்தில் உங்களைச் சொன்னார். உங்கள் பட்டறை ஆட்கள் தலையாட்டினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன். வானத்துப் பறவைகளை நீங்கள் நேசித்ததில்லை. கூண்டுப் பறவைகளை நேசித்தீர்கள். இரண்டும் ஒன்றல்ல. கோவிலில் எழுந்து நின்று இதைச் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லாத குற்றம் எதையும் இதில் எழுதப்போவதில்லை.

மோட்டார் பட்டறையில் ஃபோர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தீர்கள். செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கூண்டு. வராந்தாவில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். நான் பார்த்தேன். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, பறக்கற ஜீவனக் கம்பிக்குள்ள அடைச்சு வெச்சு வேடிக்கை பார்க்கறது பாவமில்லீங்களா?" என்று கேட்டேன்.

கான்வென்ட்டில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த சிஸ்டர், பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் கேட்டதை விட்டு வேறொன்றை எழுதியிருந்தால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவார். அழகான கையெழுத்துக்குக்கூட இரக்கம் காட்ட மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில். அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தோடு நான் உங்களைக் கல்யாணம் செய்துகொண்டது என் துரதிர்ஷ்டம்.

நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். லேத் ஓடத் தொடங்கும்போது வரும் சத்தம் மாதிரி ஒரு செருமல். பிறகு சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து நீட்டினீர்கள்.

"எத்தன அடி வேணும் அம்மணி?"

இந்த ஊர் ஆண்களிடம் நான் கண்ட நோய் இது. எதைச் சொன்னாலும் அதற்கு ஒன்றைச் செய்து பொருத்திவிடுவார்கள். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது என்றால் இன்னும் பெரிய மோட்டார். மனசு சரியில்லை என்று சொன்னால்கூட எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பாவமா இல்லையா என்று நான் கேட்டேன். நீங்கள் அதை அளவு போதாது என்ற புகாராக எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போய்விட்டீர்கள்.

மூன்றடியில் ஒரு கூண்டு வந்தது. மறுபடியும் கேட்டேன். ஆறடியில் வந்தது. வெயில் அடிக்கிறது என்றேன். தகரக் கூரை வந்தது, மழைத்தண்ணீர் வழிய ஒரு குழாயோடு. தினைத்தட்டு காலியானால் மேலிருந்து தானாக விழுகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்தீர்கள். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து உங்கள் சிநேகிதர்கள் அதைப் பார்க்கவே வந்தார்கள். காபி கொடுத்தேன். எல்லோரும் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார்கள். குருவிகளை ஒருவரும் பார்க்கவில்லை.

"அருமைங்க, அருமைங்க" என்றார் ஒருவர். "இதுக்குள்ள நாமளே குடியிருக்கலாமாட்ட இருக்குதுங்க."

"இருந்து பாருங்க, சாவி எங்கிட்டதான் இருக்குது" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

லவ் பேர்ட்ஸ் விஷயத்தில் உங்களுக்கு ஒரு வாதமாவது இருந்தது. அவை கூண்டிலேயே பொரித்தவை, வெளியே விட்டால் ஒரு நாள் தாங்காது என்பீர்கள். அது உண்மை. ஆனால் பிறகு வாங்கி வந்த கிளிக்கு என்ன வாதம் வைத்திருந்தீர்கள்? தென்னம்பொந்திலிருந்து எவனோ குஞ்சாக எடுத்து, ஒரு பக்கச் சிறகை வெட்டி விற்ற பச்சைக்கிளி. நம் ஊர்க் கிளி. அதன் சொந்தபந்தம் எல்லாம் தினமும் சாயங்காலம் நம் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே கத்திக்கொண்டே குளத்து மரங்களுக்குப் போகும். அந்த நேரத்தில் இது வலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அலறும்.

"பாரு, பாட்டுப் படிக்குது கண்ணு" என்பீர்கள்.

பாட்டா அது? தன் கூட்டத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கண்ணு என்று பெயர் வைத்தது நீங்கள்தான். நான் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

கிளி வளர்ப்பது சட்டப்படியே தப்பு என்றேன்.

"சட்டம் இன்னும் சிங்காநல்லூர் பஸ் ஏறல அம்மணி."

"நான் போயி ஏத்தி உடட்டுங்களா?"

அப்போதுதான் கொஞ்சம் இறங்கி வந்தீர்கள். "சிறகு முளைக்கட்டும். முளைச்சதும் நீயே கதவத் தொறந்து உடு. நான் குறுக்க வரல" என்று வாக்குக் கொடுத்தீர்கள். நான் நம்பினேன். அதுவரைக்கும் என்று சொல்லிக் கொல்லையில் பன்னிரண்டடி நீளத்துக்குப் புதுக் கூண்டு கட்டினீர்கள். என் மல்லிகைப் பந்தலும் துணி காயப்போடும் கொடியும் போயின. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என அதற்கு இரண்டு கதவு. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காதபடி ஒரு இரும்புப் பின். பட்டறையில் உங்களைத் தவிர யாருக்கும் அப்படிச் செய்ய வராது என்று பெருமைப்பட்டீர்கள்.

"உள்ள சந்தோசமா இருக்கற ஜீவனுக்கு எதுக்குங்க ரெண்டு கதவு?" என்றேன்.

"நம்ம ஊட்டுக்குந்தான் முன்னால ஒண்ணு, பொறத்தால ஒண்ணுன்னு ரெண்டு கதவு இருக்குது. நீ என்ன ஓடியா போயிட்ட?"

உங்கள் சிநேகிதர்களுக்கு முன்னால் அதைச் சொன்னீர்கள். அந்த வாரம் முழுக்க உங்களோடு நான் பேசவில்லை. நீங்கள் அதைக் கவனித்தீர்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. கூண்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

மாதங்கள் போயின. சிறகு முளைக்கிற மாதிரி இருக்கும், பிறகு இருக்காது. கேட்டால் இறகு உதிர்கிற காலம் என்பீர்கள். என் கண்ணைப் பார்த்துச் சொன்னீர்கள்.

என் தையல் கத்தரிக்கோல் உங்களுக்குத் தெரியும். தையலில் முதலாவதாக வந்ததற்குக் கான்வென்ட்டில் கொடுத்தது. துணியைத் தவிர எதையும் அது வெட்டியதில்லை. நம் மகள் சின்ன வயதில் அதை எடுத்துக் காகிதம் வெட்டி, அடி வாங்கியிருக்கிறாள். ஒருநாள் பேத்தியின் கவுனுக்கு லேஸ் வெட்டும்போது அது துணியைக் கடித்து இழுத்தது. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு அலகும் சேரும் திருகுக்கு அடியில் ஒரு பச்சை இழை சிக்கியிருந்தது. நூல் அல்ல. இறகு.

அதை உங்கள் முன்னால் வைத்தேன்.

"என்னுங்க இது?"

"அதா... இறகு உதிர்ற காலம் அம்மணி. பறந்து வந்து ஒட்டியிருக்கும்."

"பொட்டிக்குள்ள, உறைக்குள்ள இருக்கற கத்தரிக்கோல்ல பறந்து வந்து ஒட்டுச்சுங்களா?"

நீங்கள் தொண்டையைச் செருமவில்லை. டேப்பைத் தேடவில்லை. கூண்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "தொறந்தாப் போயிருமே அம்மணி."

"போகும்னு தெரிஞ்சேதான் வெட்டுனீங்க. அப்ப அதுக்கு இங்க பிடிக்கலைன்னும் உங்களுக்குத் தெரியும்."

"எனக்குப் பிடிச்சிருக்குதே."

நம் கல்யாண வாழ்க்கையில் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னது அந்த ஒருமுறைதான். பதில் தவறு. ஆனாலும் பதில். கூண்டு வைத்திருக்கும் எல்லோரும் உங்கள் அளவுக்காவது உண்மை பேசினால் நன்றாக இருக்கும். வாயில்லாத ஜீவனிடம் அன்பு, வீட்டுக்கு அழகு, பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு என்று என்னென்னவோ சொல்கிறார்கள். விஷயம் இவ்வளவுதான்: எனக்குப் பிடித்திருக்கிறது, திறந்தால் போய்விடும். பிடித்ததைப் பூட்டி வைப்பதற்கு அன்பு என்று பெயர் வைக்கக் கூடாது. நான் கேட்டால் கோடு போட்டுவிடுவேன்.

இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தீர்கள். கத்தரிக்கோலை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வெட்டிய இறகு தானாக உதிர்ந்து புதிது வர மாதக்கணக்கில் ஆகும். அது வருவதற்குள், மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தீர்கள். கிளி போய்விடுமே என்று பயந்தவர், அதற்கு முன்னால் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்து வந்தவர்களெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொல்லைப்புறத்திலிருந்து ஒரு செருமல். பிறகு உங்கள் குரல். அச்சு அசலாக உங்கள் குரல்.

"எத்தன அடி வேணும் அம்மணி?"

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நம் மகள் தரையில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அழும்போதே எனக்குக் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்க எவ்வளவோ பேசிய மனிதரிடமிருந்து அந்தக் கிளி எடுத்து வைத்துக்கொண்டது இந்தத் தட்டிக்கழிப்பைத்தானா?

அதன் பிறகு தினமும் சொன்னது. நான் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் சொன்னது. மகள் பம்பாயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, ரிசீவரைக் கூண்டுப் பக்கம் நீட்டச் சொல்வாள். பங்குனி வெயிலில் அதன் சிறகு முழுதாக முளைத்திருந்தது. திறந்துவிடப்போகிறேன் என்று சொன்னேன்.

"அம்மா, அது அப்பா குரலும்மா. உங்களுக்கு மனசே இல்லீங்களா?"

"டேப்ல பதிஞ்சு அனுப்பறேன்."

"டேப்பு மிஷினும்மா. இது உசுரு."

"உசுருங்கறதாலதான் தொறந்து உடறேன்" என்றேன்.

எனக்கு மட்டும் அந்தக் குரல் வேண்டாமா? வேண்டும். அதனால்தான் அவசரப்பட்டேன். இன்னும் ஒரு மாதம் கேட்டிருந்தால் நானும் பீரோவைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்திருப்பேன்.

இதை உங்கள் பெயருக்கு வரவு வைக்க எனக்கு மனமில்லை, ஆனால் நேர்மை என்று ஒன்று இருக்கிறது. என் வாயை அடைக்க நீங்கள் கட்டிய அந்தப் பன்னிரண்டடி உதவியது. கிளி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வாரக்கணக்கில் பறந்து பறந்து பழகியது. முதலில் வலையில் மோதி விழுந்தது. பிறகு நடுவிலேயே திரும்பக் கற்றுக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் ஒருநாள் காலையில் உங்கள் ஸ்பானரை எடுத்து, நீங்கள் பெருமைப்பட்ட அந்தப் பின்னைக் கழற்றினேன். இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்து கயிற்றால் கட்டினேன்.

முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்தது. ஒருமுறையாவது சொல்லிவிட்டுப் போகும் என்று நின்றேன். சொல்லவில்லை. குளத்துப் பக்கம் பறந்தது. திரும்பியும் பார்க்கவில்லை. இதை உங்களுக்குத் தெரிவிப்பதில் எனக்குத் திருப்தி.

உயிரோடு இருக்கிறதா, வல்லூறு அடித்துவிட்டதா, தெரியாது. "அப்பாவ ரெண்டாந்தடவ அனுப்பி வெச்சுட்டீங்க" என்று சொல்லி மகள் போனை வைத்தாள். சில ஞாயிற்றுக்கிழமைகள் போன் அடிக்கவே இல்லை.

லவ் பேர்ட்ஸ் இன்னும் அந்த ஆறடியில்தான் இருக்கின்றன. அவற்றைத் திறந்துவிட்டால் காக்கைக்குத் தீனி. அடைத்து வைத்த தப்பை அவற்றின் தலையில் இறக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அவை முட்டையிட நீங்கள் கட்டியிருந்த மண் கலயங்களை எடுத்துவிட்டேன். இந்த வீட்டுக் கம்பிக்குள் இனி எதுவும் பிறக்காது. இருப்பவை இருக்கும்வரை கல் பொறுக்கித் தினை போடுவேன்.

இன்று சாயங்காலம் பல்லடத்திலிருந்து உங்கள் தம்பி மகன் வந்தான். கொல்லையில் நின்று காலிக் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"பெரீம்மா, சும்மாதான கெடக்குது. எனக்குக் குடுத்துருங்க. பையன் கிளி வேணும்னு ஒரே அடமுங்க."

"தரமாட்டேன். பழைய இரும்புக்குப் போடப்போறேன்."

"ஐயோ, பெரீப்பா கையால கட்டுனதுங்க!" என்றவன், கம்பியில் கை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்: "எத்தன அடிங்க இது?"

உங்கள் குடும்பத்துச் செருமல். முருங்கை மரத்தைப் பார்த்தேன். எத்தனை அடி என்று எனக்குத் தெரியும். நான் அவனுக்குச் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வி அது அல்ல.

அவன் போன பிறகு பீரோவைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தேன். பேத்திக்குக் கவுன் தைக்க வேண்டும். மகள் மறுபடியும் போன் செய்ய ஆரம்பித்திருக்கிறாள். சாணை பிடிக்கக் கொடுத்தால் திருகைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவார்கள் என்று கொடுக்காமலே வைத்திருக்கிறேன். பச்சை இழை அங்கேயே இருக்கிறது. துணியை ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அது கடிக்கிறது. நான் நிறுத்தி, விலக்கி, மறுபடியும் வெட்டுகிறேன்.