மாப்பிள்ளை செய்த மாத்திரை

ஜனவரி 6

அன்புள்ள அத்தைக்கு,

ஊசிக்குப் பதிலாக மருத்துவமனையில் உங்களுக்குத் தந்திருக்கும் மாத்திரைக்குள் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. குடலில் புண் உள்ள இடம் வந்ததும் கதவைத் திறந்து மருந்தைக் கொட்டும். எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கதவைச் செய்தவன் நான்தான். வாரம் ஒன்று விழுங்குங்கள். பிறகு அதுவே வெளியேறிவிடும், தேட வேண்டாம். ரத்தம் போவது நிற்காவிட்டால் உடனே சொல்லுங்கள். இதுவும் பலிக்காவிட்டால் குடலில் பாதியை வெட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளை

ஜனவரி 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனிலேயே சொல்லலாம். ஆனால் உங்கள் வீட்டுக்காரி நடுவில் பிடுங்கிக்கொண்டு என் உடம்பைப் பற்றி எனக்கே விளக்குகிறாள்.

மாத்திரை பிரமாதம். வழவழவென்று உள்ளே போகிறது. மாமியாரின் உள்விவகாரத்தில் இவ்வளவு தூரம் தலையிட்ட முதல் மாப்பிள்ளை நீங்களாகத்தான் இருக்கும்.

உடம்பு தேவலை. வெளியே போவதில்லை, சோம்பல்தான். எதிர்வீட்டுத் தபால்காரம்மா நூலகத்தில் புத்தகம் மாற்றித் தருகிறார். கட்டிலைக் குளியலறைக்குப் பக்கத்து அறையில் போட்டுக்கொண்டேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.

அன்புடன்,
அத்தை

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் வாசித்தேன், உள்விவகாரம் நீங்கலாக. எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் எழுதிய ‘தேவலை’யை எங்கள் தலைவர் அறிக்கையில் ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ ஆக்கிவிட்டார். அடுத்து இன்னும் நிறையப் பேருக்குத் தரப்போகிறோம்.

ரத்தம் நின்றுவிட்டதல்லவா?

உங்கள் மாப்பிள்ளை

பிப்ரவரி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நின்ற மாதிரிதான்.

இத்துடன் ஒரு சின்னப் பொருள். தேட வேண்டாம் என்றீர்கள். நீங்கள் தூக்கம் கெட்டுச் செய்ததைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட எனக்கு மனசு வரவில்லை. வெந்நீரில் பலமுறை கழுவி, என் தோட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் மேசைக்கு அழகாக இருக்கும். எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள். நமக்குள் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கட்டும்.

அன்புடன்,
அத்தை

மார்ச் 2

அத்தை,

பெட்டியைத் திறந்தேன். மாத்திரையின் கதவு திறக்கவே இல்லை. மருந்து முழுசாக உள்ளே இருக்கிறது. ஆய்வகத்தில் மிச்சமிருந்த மாத்திரைகளை உடம்புச் சூட்டில் வைத்துப் பார்த்தோம். எல்லாக் கதவும் ஒட்டிக்கொள்கிறது. அறிக்கையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கைதட்டியவர்கள் இப்போது என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள். அது கிடக்கட்டும்.

மருந்தே இறங்காமல் உங்களுக்கு எப்படித் தேவலை ஆனது?

உங்கள் ஜனவரிக் கடிதத்தை உங்கள் மகளிடம் காட்டினேன். கட்டில் வரியில் நின்றுவிட்டாள். “அம்மாவுக்குக் காத்து எதுக்கு? ஜன்னலையே திறக்க மாட்டாங்களே” என்றாள்.

நிஜத்தைச் சொல்லுங்கள். என்னை நாலு வார்த்தை திட்டியாவது.

உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ரத்தம் ஒரு நாளும் நிற்கவில்லை. வலி அதைவிட மோசம். மாப்பிள்ளையைக் குறை சொல்லாத மாமியார் என்று சொந்தக்காரர்களிடம் பேர் வாங்கி வைத்திருந்தேன். குடலைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

திட்டச் சொன்னீர்கள். உங்கள் கதவு படுமோசம். சரியாகச் செய்து கொண்டுவாருங்கள், நானே முதலில் விழுங்குகிறேன். அதுவரை பழைய ஊசியே போட்டுக்கொள்கிறேன். டாக்டர் வெட்ட வேண்டும் என்று சொன்னால், அதைத் தனியாகக் கேட்கப் பயமாக இருக்கிறது.

இரண்டு பேரும் வாருங்கள். வாசல் கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன். நான் எழுந்து வந்து திறக்க நேரமாகும்.

உங்கள் அத்தை