கலெக்டரம்மாவின் முடி மாத்திரை

மார்ச் 4
மார்பில் கட்டி எடுத்து எட்டு மாதம். ஈஸ்ட்ரோஜன் ஊறினால் கட்டி திரும்பி வரலாமாம். அதை அடக்க மாதம் ஓர் ஊசி. அடங்கியிருக்கிறதா என்று பார்க்க இன்று ரத்தம் எடுத்தார்கள். நாலாம் வகுப்புக்காரி நான், ஈஸ்ட்ரோஜன் என்று சொல்லப் பழகவே மூன்று மாதம் ஆயிற்று.

கூட வந்தது வீட்டுக்காரரின் தங்கச்சி. எங்களோடுதான் இருக்கிறாள். என் ஃபைலைக் கட்டிக்கொண்டு நடப்பதால் கலெக்டரம்மா என்று நான் வைத்த பேர்.

ரத்தம் எடுக்கும் பெண் கேட்டாள்: "முடிக்கு, நகத்துக்குன்னு ஏதாவது மாத்திரை போடுறீங்களா? போட்டா அளவு தப்பாக் காட்டும்."

பக்கத்தில் கலெக்டரம்மா. இல்லை என்றேன்.

மார்ச் 5
பொய்தான். கலெக்டரம்மா முடி வளர மாத்திரை வாங்கியதை, வேலை பார்க்கிற லாண்டரி முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நான். மயிரைக் கட்டி மலையை இழுக்கிறாள் என்றேன். அவளும் அங்கேதான் இஸ்திரி போடுகிறாள். அந்த டப்பாவிலிருந்துதான் ஒன்றரை மாதமாகத் தினம் ஒன்று எடுத்து விழுங்குகிறேன். சீப்பில் முடி கொத்தாக வந்தால் தெரியும். மாத்திரை குறைகிறதென்று அவள் தன் அண்ணனைத் திட்டுகிறாள். பாவம், மனுஷனுக்கு முழு வழுக்கை.

மார்ச் 7
அளவு ஏறிக் கிடக்கிறதாம். ஊசி பிடிக்கவில்லை, அது ஊறுகிற ஓவரியையே எடுத்துவிடலாம், இருபதாம் தேதி வந்து படுங்கள் என்றார் டாக்டரம்மா. வாயைத் திறந்தேன். கலெக்டரம்மா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். மூடிக்கொண்டேன்.

மார்ச் 8
இன்று டப்பாவைத் தொடவில்லை.

மார்ச் 10
என்னைப் பார்த்துக்கொள்ளக் கலெக்டரம்மா மூன்று வாரம் லீவு கேட்டு வாங்கிவிட்டாள். இனி எப்படிச் சொல்வது? வயித்தைக் கிழிக்கிறதவிடவா மாத்திரை திருடினது பெரிசு? — பெரிசுதான் போல. ஊரையே கிண்டல் பண்ணின வாயாச்சே. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்பார்கள். எனக்கு விழுங்கித்தான் இந்த வினை.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். லாண்டரியில் அவளும் நானும் படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து மடிக்கும்போது. கையை விட்டு ஓட முடியாது, இருவருக்குமே.

மூலைகளைச் சேர்க்கக் கிட்டே வந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "எங்க அண்ணனை எத்தனை தடவை திட்டியிருப்பேன். உங்களை ஒரு வார்த்தை கேட்கலை அண்ணி. நீங்க எடுத்திருப்பீங்கன்னு தோணவே இல்லை."

அடுத்த விரிப்பை எடுத்தாள். மதியம் டாக்டரம்மாவுக்கு அவளே போன் செய்தாள்.

மார்ச் 14
மறுபடி ரத்தம். ஏழாம் தேதியோடு மாத்திரையை நிறுத்தியதை அந்தப் பெண்ணிடம் கலெக்டரம்மாதான் சொன்னாள். என்னிடம் பேசவில்லை.

மார்ச் 17
அளவு அடியில் கிடக்கிறது. ஊசி வேலை செய்கிறதாம். ஆபரேஷன் இல்லை. வீட்டுக்காரர் ஸ்வீட் வாங்கி வந்தார். மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் தின்றோம்.

ஏப்ரல் 2
ஊசிக்குத் தனியாகப் போனேன். நான் கூப்பிடவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது தட்டு மூடி வைத்திருந்தது.

"சாப்பிடுங்க" என்றாள்.

பின்னால் 'அண்ணி' வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.