முதல் லோரியை ஓட்டியது யார்?

என் லோரிக்கார அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கை வருகிறது. நீங்கள் போய் அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம். அம்மா நன்றாக இருக்கிறார். முட்டிவலி மட்டும்தான், தைலம் தேய்த்தீர்களா என்று கேட்டால் மறந்துவிட்டேன் என்பார். செங் ஊரில் நம் வீட்டுக்கு எதிரே இருந்த காலி நிலத்தில் கடைகள் கட்டிவிட்டார்கள். குப்பை லோரி இப்போதும் திங்களும் வியாழனும் காலையில்தான் வருகிறது. சத்தம் கேட்டதும் அம்மா சன்னலுக்குப் போய்விடுவார். இப்போது ஓட்டுகிறவருக்கு வளைவில் சரியாகத் திருப்பத் தெரியவில்லையாம். உங்களோடு இத்தனை வருடம் வாழ்ந்தவர் அதைச் சொல்லாமல் இருப்பாரா?

இன்று உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் பெயரை ஓர் இடத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். கோபப்படாமல் முழுவதையும் கேளுங்கள். நீங்கள் இருந்தபோது நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று கதை சொல்லிவிடுவீர்கள். இந்த முறை நான் பேசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது உங்களுக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நான் விளக்கியபோது, "அப்ப பொய்யும் எழுதலாம்லா?" என்று கேட்டீர்கள். எழுதலாம், ஆனால் நிற்காது என்றேன். அச்சில் வந்த சான்று வேண்டும், அதையும் அந்த விஷயத்தில் சம்பந்தம் இல்லாதவர் எழுதியிருக்க வேண்டும் என்றேன். நீங்கள் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஐ.சி. அடையாள கார்டு எடுக்கறத விட கஷ்டமா இருக்கே" என்றீர்கள்.

குப்பைக் கம்பெனிகளைப் பற்றிய கட்டுரைகளை நான் பார்த்துக்கொள்ளத் தொடங்கியது உங்களால்தான். அவற்றின் மேல் வேறு யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. கம்பெனி ஆள் ஒருவர் வந்து 'தூய்மையின் முன்னோடி' என்று எழுதிவிட்டுப் போவார். குப்பை எடுக்காத எரிச்சலில் தாமான் குடியிருப்புக்காரர் ஒருவர் வந்து 'இவர்கள் எல்லாரும் திருடர்கள்' என்று எழுதிவிட்டுப் போவார். இரண்டையும் எடுத்துவிட்டு, எந்த ஊர்களில் குப்பை எடுக்கிறார்கள், எங்கே கொட்டுகிறார்கள், பத்திரிகை என்ன எழுதியது, கம்பெனி என்ன பதில் சொன்னது என்று வைக்க வேண்டும். சலிப்பான வேலைதான். எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் கம்பெனியின் கட்டுரையை மட்டும் நான் நேரடியாகத் தொடுவதில்லை. அங்கே சம்பளம் வாங்குகிறவரின் மகள் தொடக்கூடாது என்பது வழக்கம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் பேச்சுப் பக்கம் ஒன்று இருக்கும். அதில் 'என் அப்பா இங்கே லோரி ஓட்டுகிறார்' என்று முதலில் சொல்லிவிட்டு, இன்ன வரியை மாற்றலாமா என்று கேட்பேன். வேறு யாராவது சரிபார்த்து மாற்றுவார்கள். குப்பைமேட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடையில் கலந்த செய்தியை யாரோ சத்தமில்லாமல் நீக்கியபோது அப்படித்தான் கேட்டுத் திரும்ப வைத்தோம். அதற்கு அப்புறம் அந்தத் தண்ணீரைத் தேக்கக் கம்பெனி தொட்டி கட்டியதே, அந்தச் செய்தியையும் பக்கத்தில் வைக்கச் சொன்னவர் நீங்கள். "கட்டுனாங்கல்ல, அதையும் போடச் சொல்லு" என்றீர்கள். அதற்கும் சான்று இருந்தது, போட்டார்கள்.

போன மாதம் அந்தக் கட்டுரையைத் திறந்தேன். வரலாறு என்ற பகுதியில் புதிதாக ஒரு வரி இருந்தது. 'நிறுவனத்தின் முதல் லோரியை ஓட்டியவர் சின்னையா.' உங்கள் பெயர், அப்பா. உலகத்தில் எங்கிருந்தும் படிக்கக்கூடிய இடத்தில் உங்கள் பெயர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுநாள் பசாரில் மீன் விற்கிறவர் வரைக்கும் சேதி போய்விட்டது.

அழுது ஓய்ந்த பிறகு பழக்கதோஷம் வந்தது. வரிக்கு என்ன சான்று கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். நம் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் பெயரும் தேதியும் இருந்தன. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்காக நாம் கொடுத்த அறிவிப்பு வந்த நாள் அது. உங்கள் படம், கீழே மருமகன் பேரப்பிள்ளைகள் வரை எல்லார் பெயரும், நடுவில் 'கம்பெனியின் முதல் லோரியை ஓட்டியவர்' என்ற வாசகம். அதை எழுதிக் கொடுத்தவள் நான். நீங்கள் வாழ்நாள் முழுக்கச் சொன்னதை அப்படியே எழுதினேன்.

கம்பெனி தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் அறிக்கை சான்றாகாது என்று எத்தனை பேரிடம் வாதாடியிருப்பேன்? கடைசியில் நானே கொடுத்த அறிவிப்பு என் அப்பாவுக்குச் சான்றாக உட்கார்ந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

வரியைச் சேர்த்தவர் சேவியர் மாமா. உங்கள் லோரியின் பின்னால் பதினெட்டு வருடம் நின்றுகொண்டே வந்து தொட்டி தூக்கியவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு போனில் எல்லாம் கற்றுக்கொள்ளும் ஆசை. புக்கிட் பெருவாங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். நம் அறிவிப்பை வெட்டி பைபிளுக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார்.

"பேப்பர்ல வந்திருக்குலாம்மா. பேப்பர்ல வந்தா போடலாம்னு நீதானே சொல்லுவ."

"மாமா, அது நான் எழுதிக் கொடுத்தது. நெசமாவே அப்பாதான் மொத லோரி ஓட்டுனாரா?"

அவர் காகிதத்தை மடித்துத் திரும்ப பைபிளுக்குள் வைத்தார். "மொத லோரி கருப்பையா அண்ணன் எடுத்தாரு. ரெண்டாவது ஒரு மலாய்க்காரரு. உங்கப்பா மூணாவது லோரி."

"தெரிஞ்சேவா போட்டீங்க?"

"அதச் சொல்றப்ப அவரு முகத்தப் பாக்கணுமே நீ. நான் ஒரு நாளும் மறுத்துப் பேசுனதில்ல. செத்தப் பொறவு மறுக்கவா?" பைபிளை அலமாரியில் வைத்துவிட்டு அவரே சொன்னார். "கருப்பையா அண்ணன் பாயா ரும்புட்லதான் இருக்காரு. மகன் போன்ல காட்டியிருக்கான். ஒண்ணும் சொல்லலயாம்."

அந்த 'ஒண்ணும் சொல்லலயாம்' என் காதிலேயே நின்றது. ஏன் அப்பா அப்படிச் சொன்னீர்கள்? மூன்றாவது என்றால் எங்களுக்கு என்ன குறைந்திருக்கும்? உங்கள் மேல் கோபம் வந்தது. கூடவே, அந்த வரியை விட்டுவிடலாமா என்ற ஆசையும் வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? என்னைத் தவிர யாரும் அந்தக் கட்டுரையைக் கவனிப்பதுகூட இல்லை. ஒரு வாரம் தொடாமல் இருந்தேன். அந்த வாரத்தில் தினமும் அதைத் திறந்து உங்கள் பெயரைப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பயம். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைத்துச் சொன்னேன். அம்மா தலை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியாதா? மொத லோரி பூசைக்கு நானும்தான் போனேன். நீ வயித்துல ஏழு மாசம். கருப்பையா அண்ணன் ஸ்டியரிங்க புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. உங்கப்பாதான் குனிஞ்சு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சாரு. வண்டி ஏறுனதும் சாறு தெறிச்சு சட்டையெல்லாம் கறை. அன்னிக்குப் பூரா அந்தச் சட்டையக் கழட்டலயே அவரு."

"அப்ப ஏம்மா மீன்காரர் வரைக்கும் போய்ச் சொன்னீங்க?"

"நீ அவ்ளோ சந்தோசமா அழுத. அதக் கெடுக்கணுமா?" கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "எடுக்கச் சொல்லிரு. அந்த மனுசன் உசுரோட இருக்காரு" என்றார்.

அன்றே பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். 'நான் இவருடைய மகள். சான்றாகக் காட்டியிருக்கும் அறிவிப்பை எழுதியவளும் நானே. தகவல் தவறு. நீக்கிவிடுங்கள்.' மறுநாள் முகம் தெரியாத ஒருவர் நீக்கிவிட்டு, 'நன்றி, உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி' என்று எழுதியிருந்தார். கருப்பையா மாமாவின் பெயரையும் அங்கே போட முடியவில்லை. அம்மாவின் நினைவு சான்றாகாது. முதல் லோரியை ஓட்டியது யார் என்று அந்தக் கட்டுரையில் இப்போது எதுவும் இல்லை.

சேவியர் மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, வேறு எந்தக் கம்பெனிக் கட்டுரையில் பொய் இருக்கிறது, நான் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இப்போது அவரும் வருகிறார். கம்பெனிக்காரர்கள் எழுதும் புகழ்ச்சியைப் படித்து அவர் சிரிக்கிற சிரிப்பு நீங்கள் கேட்க வேண்டியது.

அதற்கடுத்து அம்மாவும் நானும் பாயா ரும்புட் போனோம். கருப்பையா மாமாவால் இப்போது எழுந்து நடக்க முடியவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று, தப்பு என் பேரில்தான் மாமா, மன்னிச்சிருங்க என்றேன். அவர் உங்கள் பெயரைக் கேட்டதும் சிரித்தார். "எலுமிச்சம்பழம் வச்சது அவருதான்லாம்மா. அவரு கை ராசி, அந்த வண்டி ஒரு நாளும் நடு ரோட்டுல நின்னதில்ல" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேனா இல்லையா என்ற பார்வை.

நீங்கள் முழுப் பொய் சொல்லவில்லை, அப்பா. அந்த லோரி முதன்முதலாக நகர்ந்தபோது நீங்கள் அங்கே குனிந்து நின்றிருந்தீர்கள். அது உங்கள் லோரி என்று தோன்றியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அடுத்த மாதம் உங்கள் இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலியைப் பத்திரிகையில் போடப் போகிறோம். வாசகத்தை எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். 'கம்பெனியின் மூன்றாவது லோரியை ஓட்டியவர். முதல் லோரிக்கு எலுமிச்சம்பழம் வைத்தவர்.' இதில் ஒரு சொல்லையும் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். இது சத்தியம்.

அந்தப் பூசை நாளில் அம்மா வயிற்றில் ஏழு மாதமாக இருந்த
உங்கள் மூத்த மகள்,
செல்வராணி